சுவருக்குள் உமி

கச்சான் அடிக்கத் தொடங்கினால்
கொட்பேயில் இரும்பு மணக்கும்.
எங்கள் ஐஸ் பக்டரியின் மேற்குச் சுவர்
பின்னேரம் மூன்று மணிக்கு
கை வைக்க முடியாத அடுப்புக் கல்.
அதற்கு உள்ளேதான்
இருநூற்று நாற்பது தகரப் பெட்டிகளில்
தண்ணீர்
கல்லாகப் பழகிக்கொண்டிருந்தது.

நான் கணக்கு எழுதுகிறவள்.
வெக்கை எனக்கு இலக்கமாகத்தான் தெரியும்:
மின்சாரசபைத் தாளில்
ஆறு தானம், ஏழாகும் அவசரத்தில்.
கயித்தாம்பிள்ளை முதலாளி
கம்ப்ரஸரைத் திட்டுவார்,
மீற்றரைத் திட்டுவார்,
கதவைத் திறந்துவைத்து மீன்விலை பேசுகிற
திருக்கடலூர்ப் பெடியளைத் திட்டுவார்.
சுவரை ஒருவரும் திட்டவில்லை.
சுவர் சும்மாதானே நிற்கிறது.

தர்மிளா என்றொரு பிள்ளை வந்தாள்,
மட்டக்களப்புப் பேச்சு,
தோளில் வெப்பம் பார்க்கிற கமரா.
"இஞ்ச பாருங்க அக்கா."
திரையில் எங்கள் சுவர்
இடுப்புவரை நீலம்.
அதற்கு மேலே பழுத்த பப்பாசி.
என் தலைக்கு ஒரு சாண் உயரத்தில்
ஒரு வெள்ளைப் பொட்டு.

இஸ்ஸதீன் மேசன் உளியை வைத்தார்.
உட்சுவரில் நாலு செங்கல் கழன்றதும்
புளித்த சோற்று மணம்.
உமி.
கட்டிய காலத்தில் கந்தளாய் ஆலையிலிருந்து
லொறி லொறியாய்க் கொண்டுவந்து
இரண்டு சுவர்களுக்கிடையே
கழுத்துமுட்டத் திணித்த உமி.
நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன்.
உமிக்குள் அகப்பட்ட காற்று அசையாது,
அசையாத காற்றில் வெக்கைக்கு வழியில்லை.
ஆனால் கம்ப்ரஸர் அதிர அதிர
உமி இறங்கும்,
எவரும் பார்க்காத இருட்டில்,
வருடத்துக்கு இரண்டு விரற்கடை.
மேற்பாதி எப்போதோ வெறுங்கூடு.
மிஞ்சியதும் நனைந்து களி.

நனைத்தது எது?
வெளிச்சுவர்த் துளை ஒன்றில்
இஸ்ஸதீன் சுண்டுவிரலை விட்டுக் காட்டினார்.
யாரோ சுண்ணாம்பால் மூடிய துளை,
சுண்ணாம்பு பிறகு வெடித்த துளை.
களியைக் கிளறி எடுத்தார்:
ஈயம், நசுங்கிய நாவற் கொட்டை அளவு.
யார் சுட்டது, யாரை நோக்கி,
எந்த வருடத்து எந்த இரவு,
ஒருவரும் கேட்கவில்லை.
மேசையில் வைத்துவிட்டுத்
தேத்தண்ணி குடித்தோம்.

அன்று வீட்டுக்குப் போகாமல்
பழைய லெட்ஜர்களைப் பிரித்தேன்.
ஊறிய மார்கழிக்கும்
காய்ந்த ஆனிக்கும்
ஒரு மாதம் தவறாமல் கட்டியிருக்கிறோம்
அந்த ஒற்றைக் குண்டுக்கு வாடகை.
என் கையெழுத்தில், பச்சை மையில்,
'மின்சாரம்' என்ற நிரலில்.

மூன்று கிழமை வேலை.
சுவருக்குள் போம் பலகை,
மூட்டுக்கு மூட்டு நாடா,
ஈரம் புகாத தாள்.
தாளை எந்தப் பக்கம் ஒட்டுவதென்று
தர்மிளாவுக்கும் இஸ்ஸதீனுக்கும் அரைநாள் சண்டை;
வெக்கை வருகிற பக்கம்தான், அவள் வென்றாள்.
குளிர்க் குழாய்களுக்குக் கறுப்பு உறை,
கதவு விளிம்புக்கு றப்பர்.
பெடியள் இப்போது வெளியே நின்று விலை பேசுகிறார்கள்.
செலவுத் தாளைப் பார்த்து
முதலாளி நெஞ்சில் சிலுவை போட்டார்.

முடிந்து ஆறாம் நாள் சாமத்தில்
வாச்சர் சிறிபால கோல் எடுத்தான்.
"மிஸ், மெசின் நிண்டிட்டுது."
"ஐஸ் இருக்கா?"
ஓடிப் பார்த்து வந்தான்.
"இருக்கு மிஸ். கல்லு மாதிரி."
"அப்ப அது களைப்பாறுது. விடு."

அவன் போனை வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
இருபத்தேழு வருடம் அந்த இரைச்சலுக்குப் பின்னால் நின்ற
ஒரு சிறு சத்தம் வந்துகொண்டிருந்தது:
கொட்பேத் தண்ணீர்
கட்டிய படகுகளைத் தட்டித் தட்டி.

பில் பத்தொன்பதாம் திகதி வரும்.
அதற்குள் பச்சை மை வாங்கவேண்டும்.